இந்த மிளகாயில் அபின் இல்லை

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தில் 'அபின்' என்ற சொல்லை லிஃப்ற்றுக்குள் உரத்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் யேசுரட்ணம் அண்ணைதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அகதி வழக்கு முடியாதவர்கள் மாடிக்கு மாடி இருந்தார்கள். கீழே கார்த் தரிப்பிடத்தில் பொலிஸ் வாகனம் ஒன்று வந்து திரும்பினாலே பல்கனியில் நிற்பவர்கள் உள்ளே போய்விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நெருக்கிக்கொண்டு மேலே போகும்போது, இவர் தொண்டையைச் செருமிவிட்டு, "அபினிலை ஒரு நல்ல குணம் என்னெண்டால்…" என்று தொடங்குவார்.

அந்த நல்ல குணம் என்னவென்று கேட்க ஒருவரும் நிற்பதில்லை. அடுத்த தளத்தில் கதவு திறந்ததும் இறங்கிப் படியால் ஏறிப் போவார்கள்.

அவர் இளவாலைக்காரர். பேராதனையில் விவசாயம் படித்து, விவசாயத் திணைக்களத்தில் வேலை பார்த்து, சண்டை முற்றியபின் மனைவி அன்ரனெற்றோடு கனடா வந்தவர். இங்கே முதலில் டோனற் கடை, பிறகு பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலை. அதன்பின் மிசிசாகாவில் ஓர் ஆலோசனைக் கொம்பனி அவரை எடுத்தது. நேர்முகத் தேர்வில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்களாம். இவர் பதில் சொல்லி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மற்ற ஆட்களைக் கேட்க நேரமில்லாமல் இவரையே எடுத்துவிட்டார்கள் என்று அன்ரனெற் அக்கா சொல்லுவா.

கொம்பனியின் வேலை இதுதான்: போதைச் செடி பயிரிட்டுப் பிழைக்கும் ஏழை நாடுகளில், அந்தச் செடிக்குப் பதிலாக வேறு எதைப் பயிரிட்டால் கமக்காரர் பிழைப்பார்கள் என்று ஆராய்ந்து, உதவிப்பணம் கொடுக்கும் அரசுகளுக்குச் சொல்வது. நல்ல வேலை, கௌரவமான வேலை. ஆனால் கோயில் வாசலில் அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

அதனால் அன்ரனெற் அக்கா ஒரு வழி வைத்திருந்தா. "இவர் எயார்போட் பக்கம் வேலை" என்பா. பொய் இல்லை. அவருடைய கந்தோர் யன்னலால் பார்த்தால் பிளேன் இறங்குவது தெரியும். ஆனால் எங்கள் தளத்தில் கிளடிஸ் அன்ரி இருந்தா. அவவுக்கு ஒரு செய்தி போனால் போதும், மாலைக்குள் ஸ்காபரோ முழுவதும் போய்விடும்.

"அன்ரனெற், உம்மட மனுசன் லாவோசுக்குப் போயிட்டு வந்தாராமே. எயார்போட் வேலைக்கு ஏன் லாவோஸ்?"

"அங்கை ஒரு கமத்திட்டம், அன்ரி."

"என்ன கமம்?"

அன்ரனெற் அக்கா யோசிக்க முன்னம், பின்னால் வந்துகொண்டிருந்த யேசண்ணை, "அபின் கமம்" என்றார். பிறகு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். கிளடிஸ் அன்ரி முதல் இரண்டு சொற்களோடு வீட்டுக்குப் போய்விட்டா.

லாவோசின் வடக்கு மலையில் அந்தக் கிராமம். அங்கே ஊர்த் தலைவரை 'நாய்பான்' என்றுதான் அழைக்க வேண்டுமாம். அந்த ஊரின் நாய்பான் சொங் துவா என்பவர். "நல்ல மனுசன், நல்ல நாய்பான்" என்று யேசண்ணை ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னபோது, அவர் யாரையோ ஏசுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் இடையில் வந்து சமாதானம் செய்தார்கள்.

அந்த ஊர்க்காரர் ஏன் அபின் பயிரிட்டார்கள் என்பதை அவர் சொல்லும் முறை எனக்குப் பிடிக்கும். ஊருக்கு றோட்டு இல்லை. குதிரைப் பாதைதான். அபின் பாரமில்லை, அழுகாது. வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து வாங்குவான். அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களில் அரிசியும் முன்பணமாகத் தருவான். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அதுதான் அங்கே மருந்து. அரசாங்கம் ஆட்களை அனுப்பிச் செடியை வெட்டினால், அடுத்த வருடம் இன்னும் உயரத்தில் போய் விதைப்பார்கள்.

இவர் போவதற்கு முன்னால் வேறொரு திட்டம் வந்து முட்டைக்கோசு, எங்கள் பேச்சில் கோவா, பயிரிடச் சொல்லியிருந்தது. அருமையான கோவா விளைந்ததாம், ஒவ்வொன்றும் தலையணை மாதிரி. ஏற்ற லொறி இல்லை. ஊர் முழுக்கக் கோவா தின்றது. பன்றிகள் தின்றன. கடைசியில் பன்றிகளும் மறுத்துவிட்டன. அடுத்த மழைக்கு எல்லோரும் அபினுக்குத் திரும்பிவிட்டார்கள்.

யேசண்ணையின் கொள்கை எளிது. வெட்டுவது கடைசி வேலை. முதலில் அரிசி, பிறகு றோட்டு, பிறகு விளைவதை வாங்க ஓர் ஆள். இந்த மூன்றும் வந்தால் அபின் தானாகவே குறையும். மிசிசாகாக் கூட்டங்களில் இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய மேலாளர் ஹெண்டர்சன் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மதியத்துக்குப் பிறகு பொறுமை குறைவு. ஒருநாள், "சரி, வாங்குவதற்கு ஆள் வேண்டும் என்கிறாய். யார் வாங்குவார்கள் என்று நீயே சொல்" என்றார்.

அங்கே வாயை மூடியிருக்கலாம்.

"எங்கட சனம் வாங்கும்" என்று சொல்லிவிட்டார். "ரொறன்ரோவிலை இருக்கிற தமிழாக்கள் ஒரு மாதத்திலை தின்னிற செத்தல் மிளகாய்க்கு அந்த மலை முழுக்கப் பயிரிட்டாலும் காணாது."

அடுத்த பயணத்தில் சொங் துவாவிடமும் அதையே சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. கனடாவில் சோற்றுக்குப் பதில் மிளகாய் தின்னும் ஒரு சாதி இருக்கிறது, இவர்தான் அதன் தலைவர் என்று ஊர் விளங்கிக்கொண்டது. கிழவிகள் வந்து இவருடைய வாயைத் திறந்து பார்த்தார்களாம். ஒருத்தி தன் வீட்டு மிளகாயொன்றைக் கொடுத்துப் பரீட்சை வைத்தாள். ஊரின் மானம் கருதி முழுவதையும் மென்று விழுங்கினேன், கண்ணீர் வந்ததை மகிழ்ச்சி என்று சொல்லிச் சமாளித்தேன் என்றார். அந்த வருடம் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அபின் விதைக்காமல் மிளகாய் நட்டன.

காய்ந்த மிளகாய் குதிரையில் இறங்கி, லொறியில் ஏறி, கப்பலில் வந்து சேர்ந்தது. முதல் தடவை ஏற்றுமதிச் செலவைக் கொம்பனி ஏற்றது. அதற்குப் பிறகு எல்லாம் யேசண்ணையின் பாடு. அப்போது என்னிடம் கடைகளுக்குப் பாண் விநியோகிக்கிற வான் வண்டி ஒன்று இருந்தது. அப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

சுங்கக் களஞ்சியத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அன்ரனெற் அக்கா முதியோர் இல்லத்து வேலையை முடித்து, யூனிஃபோமோடு வந்திருந்தா. மூட்டைகள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்த அதிகாரிகள் நாயைக் கொண்டுவந்தார்கள். பெரிய, பழுப்பு நிற நாய். முதல் மூட்டையை மணந்து தும்மியது. தலையை உதறியது. இரண்டாவதை மணந்தது, மீண்டும் தும்மியது. பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டது.

இளைய அதிகாரி உசாரானார். அந்த நாய் உட்கார்ந்தால் பொருளைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தமாம். மூத்தவர், "இல்லை, அது கோபத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்றார். இருவரும் அதைப்பற்றி வாதாடினார்கள். தீர்ப்புச் சொல்ல இன்னொரு நாயைக் கொண்டுவந்தார்கள். அது கதவடியிலேயே நின்று, உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டது.

"இதைப் பயிரிட்டவர்கள் யார்?" என்று மூத்தவர் கேட்டார்.

அன்ரனெற் அக்கா கணவனின் காலை மிதித்ததை நான் கண்டேன். பிரயோசனமில்லை.

"அபின் பயிரிடுபவர்கள்" என்று யேசண்ணை பெருமையோடு ஆங்கிலத்தில் சொன்னார். "தலைமுறை தலைமுறையாக. மிகத் திறமையான ஆட்கள்."

ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்கத் தொடங்கினார்கள். கையை விட்டுத் துழாவினார்கள். இளையவர் அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினார்.

அவர் போட்ட சத்தத்தில் நாய் எழும்பிவிட்டது. அன்ரனெற் அக்கா ஓடிப்போய்க் கோப்பி மேசையிலிருந்த பாலை எடுத்து, அவரைக் கதிரையில் இருத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைக் கழுவினா. "கசக்காதை ராசா, கசக்காதை" என்று தமிழிலேயே சொன்னா. அவரும் விளங்கினவர் மாதிரிக் கையை எடுத்துவிட்டார். கழுவி முடித்ததும் கணவன் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, நீங்கள் இனி வாயைத் திறந்தால் மற்றக் கண்ணுக்கும் பால் காணாது" என்றா.

பின்னேரம், இது தங்கள் திட்டத்து மிளகாய்தான் என்று ஹெண்டர்சன் அனுப்பிய ஃபக்ஸ் வந்தது. மூட்டைகளில் மிளகாயைத் தவிர ஒன்றும் இல்லை என்றும் உறுதியானது. விட்டுவிட்டார்கள். இளையவர் ஒரு கண்ணோடு வந்து, வானில் ஏற்றக்கூட உதவினார்.

மிளகாயை இறக்கியது இராசரத்தினத்தின் பலசரக்குக் கடையில். அவர் அதிகம் பேசாதவர். ஒரு மிளகாயை எடுத்து உடைத்தார், விதையை நாக்கில் வைத்தார், தலையாட்டினார். "உறைப்பிருக்கு. நிறம் கொஞ்சம் கருமை. விக்கலாம்" என்றார். யேசண்ணை அவருக்கும் முழுக் கதையையும் சொல்லத் தொடங்க, "அண்ணை, உந்தக் கதையை மட்டும் கடைக்குள்ளை சொல்லாதேங்கோ" என்றார்.

ஆனால் கிளடிஸ் அன்ரிக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. அடுத்த கிழமை கடைக்கு வந்த பெண்கள் அந்தச் சாக்கைச் சுற்றி, ஏதோ கடிக்கிற பிராணிக்கு விலகுவதுபோல் விலகிப் போனார்கள். 'அபின் மிளகாய்' என்று பெயரும் வைத்தாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நித்திரை கொள்ளுமாம். ஒருத்தி அதில் கோழிக்கறி வைத்து, புருசன் கறியோடு பேசிக்கொண்டிருந்தானாம்.

யேசண்ணைக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. அவர் நேர்மையான மனிதர். ஒரு பொய் பரவினால் அதற்கு எதிராக உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்புகிறவர். கடதாசி மட்டை ஒன்று எடுத்து, கொட்டை எழுத்தில், 'இந்த மிளகாயில் அபின் இல்லை' என்று எழுதிச் சாக்குக்கு மேலே நட்டுவிட்டார். இராசரத்தினம் மிசினில் மீன் வெட்டிக்கொண்டு நின்றபடியால் தடுக்க முடியவில்லை.

அதுவரை விசயம் தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்தது. அரிசி வாங்க வந்தவர்கள் மட்டையை வாசித்தார்கள். சாக்கைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த இந்திய மிளகாய்ச் சாக்கைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு, சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்து, இந்தச் சாக்கிலிருந்து ஒரு பை நிறைய அள்ளினார்கள்.

பனிக்காலம் தொடங்கியிருந்தது. ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் அமிர்தநாதர் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். யேசண்ணையும் நானும் அங்கே நின்றோம்.

"தம்பி, இல்லையெண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம் ஐயா. இல்லை."

"அது விளங்குது. எழுதத்தானே வேணும்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்டுமே இல்லையோ, இல்லாட்டி இருந்தும் இல்லாத மாதிரியோ?"

"ஐயா, மிளகாய்ச் செடியிலை எப்பிடி அபின் வரும்? அது வேற செடி, இது வேற செடி!"

"சரி சரி. சத்தம் போடாதேங்கோ. எனக்கு முழங்கால் நோ. ராவிலை நித்திரை இல்லை. ஒரு றாத்தல் கட்டித் தாங்கோ."

அடுத்த ஞாயிறு கோயிலில் அமிர்தநாதர், இப்போது பிள்ளை மாதிரித் தூங்குகிறேன் என்று பலர் கேட்கச் சொன்னார். அந்த முழங்காலின் புகழ் மார்க்கம் நகர் வரை போனது. அங்கிருந்தெல்லாம் கார் பிடித்து வந்து வாங்கினார்கள். யேசண்ணை மட்டையைக் கழற்றப் போனார். இராசரத்தினம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யிறியள்?"

"சனம் பொய்யை நம்பி வாங்குது."

"மட்டையிலை எழுதியிருக்கிறது பொய்யோ?"

"இல்லை."

"அப்ப விடுங்கோ. உண்மையைத் தானே எழுதியிருக்கு."

யேசண்ணை ஒரு கிழமை அதைப்பற்றி யோசித்தார். வாங்க வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, செடிகளின் குடும்ப வேறுபாட்டை விளக்கினார். அவர்கள் கண் சிமிட்டிவிட்டுப் பையை நீட்டினார்கள். தைப்பொங்கலுக்கு முதலே சாக்குகள் முடிந்துவிட்டன.

அந்த மகிழ்ச்சியோடு அவர் மீண்டும் லாவோசுக்குப் போனார். சொங் துவா பன்றி அடித்து விருந்து வைத்தார். மிளகாய்த் தோட்டங்களைச் சுற்றிக் காட்டினார். கடைசியில், சோளப் பயிருக்குப் பின்னால் ஒரு மூலையில், வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூத்துநின்ற அபின் பாத்தி ஒன்றையும் தானாகவே காட்டினார். மறைக்கவில்லை. மருத்துவமனை இரண்டு நாள் நடை, அடுத்த வருடம் லொறி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"எனக்குக் கோபம் வரேல்லை, தம்பி" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னார். "எங்கட ஆக்கள் பாங்கிலை காசு போட்டாலும் அலுமாரிக்குள்ளை கொஞ்சம் வைக்கிறேல்லையோ? அப்பிடித்தான் உதுவும்."

இதையே அறிக்கையிலும் எழுதினார். அங்கேதான் வினை. பணம் கொடுக்கிறவர்களுக்கு, அந்த ஊரில் அபின் அறவே ஒழிந்தது என்ற ஒரு வரி வேண்டியிருந்தது. அந்த வருடம் கனடா அரசாங்கம் எல்லாச் செலவையும் வெட்டிக்கொண்டிருந்தது. ஒழிந்தது என்றால்தான் இன்னொரு ஊருக்குத் திட்டம் கிடைக்கும் என்று ஹெண்டர்சன் கெஞ்சினார். "பெரும்பாலும் ஒழிந்தது" என்று போடச் சொன்னார். இவர், "பெரும்பாலும் குறைந்தது, மருத்துவமனையும் றோட்டும் வந்தால் இன்னும் குறையும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். போதாக்குறைக்கு, பணம் கொடுத்தவர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று அதை விளக்கவும் செய்தார். மதியச் சாப்பாடு தாண்டியது. திட்டம் அத்தோடு முடிந்தது, அவருடைய வேலையும் முடிந்தது.

மேசையிலிருந்த சாமான்களை ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

அன்ரனெற் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. "வேலை போனது எனக்குக் கவலையில்லை. நானும் உழைக்கிறன் தானே. நீங்கள் எழுதினது சரி. ஆனால் இனிப் பகல் முழுக்க வீட்டிலை இருந்து என்னோடை கதைக்கப் போறியளே, அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் சிரித்தார். அடுத்த நாள் இராசரத்தினத்திடம் போனார்.

இருவரும் பங்காளிகள் ஆனார்கள். கொம்பனி கைவிட்ட மிளகாயை இவர்கள் தாங்களே இறக்கினார்கள். பெரிய இலாபம் இல்லை, நட்டமும் இல்லை. யேசண்ணை மொழிபெயர்ப்பாளர் மூலம் ஃபக்ஸ் அனுப்பிக் காயவைக்கும் முறை சொல்லிக்கொடுத்தார். நிறம் சிவந்தது. சில வருடங்கள் அப்படிப் போயின. அங்கே ஊரிலிருந்து எல்லைப்புறத்துக்கு ஒரு றோட்டும் போட்டார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் கடைக்கு ஃபக்ஸ் வந்தது. வாசித்த யேசண்ணை கையைத் தட்டினார். "அருமை! அருமை!" என்றார்.

"என்ன, கனக்க அனுப்புகினமோ?" என்று இராசரத்தினம் கேட்டார்.

"அனுப்பாயினம்! இனி ஒண்டும் அனுப்பாயினம். றோட்டாலை லொறியோடை ஒரு வியாபாரி வாறானாம். எங்களைவிடக் கூட விலையாம். எல்லாத்தையும் அவனுக்கே குடுக்கினமாம். சோளத்துக்குப் பின்னாலை கிடந்த பாத்தியையும் உழுது மிளகாய் போட்டிட்டினமாம்!"

இராசரத்தினம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். "இவ்வளவு காலமும் வாங்கின எங்களை விட்டிட்டோ?"

"அதுதானே வேணும்! எங்களிலை இரக்கப்பட்டு வித்தால் அது என்ன யாவாரம்? ஆர் கூடத் தாறானோ அவனுக்கு விக்கிறான். அவன் இப்ப முழுக் கமக்காரன்!"

"அப்ப என்ர கடை?"

அதை யேசண்ணை யோசித்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுச் சொங் துவா எழுதியிருந்த கடைசி வரிக்கு அப்போதே பதில் எழுதத் தொடங்கினார். வாழ்த்துச் சொல்லி, புது வியாபாரியோடு எடை பார்க்கும்போது கவனமாக இருக்கும்படியும் புத்தி சொன்னார். இராசரத்தினத்தின் ஃபக்ஸ் மிசினிலேயே அதை அனுப்பினார். இராசரத்தினம் இந்திய மிளகாய்க்கு ஓடர் கொடுக்க ரெலிபோனை எடுத்தவர், பிறகு அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்தக் கோபம் பனிக்காலம் வரை நீடித்தது. யேசண்ணைக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் வேலை கிடைத்தது. அன்ரனெற் அக்கா இப்போது கேட்பவர்களுக்கு எதையும் யோசிக்காமல் பதில் சொன்னா. இராசரத்தினம் கடைக்குச் சாமான் வாங்க நான் போனால், "உங்கட அண்ணை எப்பிடி?" என்று கேட்பார். பதிலை முழுவதும் கேட்காமல் உள்ளே போய்விடுவார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் அன்ரனெற் அக்கா கேக் செய்து, என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனா. யேசண்ணை வர மறுத்தார், பிறகு வந்தார், வந்து வெளியே நின்றார். இராசரத்தினம் கேக்கை வாங்கி, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக்கூடாகத் தெருவைப் பார்த்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. யேசண்ணை வெளியே, பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு எதையோ கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஆளை உள்ளை வரச் சொல்லுங்கோ" என்றார் இராசரத்தினம். "அந்த வெள்ளைக்காரன் பாவம், பஸ்ஸை விட்டிடப் போறான்."